மூளையில ரத்தக்கசிவுக்கு அப்புறம் நாளம் சுருங்குறதுக்கு அழற்சிதான் மூல காரணமா?

கதிர்:
அனியூரிசம், அதாவது மூளை ரத்தநாளத்துல பலூன் மாதிரி வீங்கின இடம், வெடிச்சவங்களுக்கு கிளிப்போ காயிலோ போட்டு அடைச்சாச்சு, பேஷன்ட் பேசுறாங்க, வீட்ல எல்லாரும் நிம்மதியாகுற நேரத்துல, 3ஆம் நாள்ல இருந்து 14ஆம் நாளுக்குள்ள மூளை ரத்தநாளம் சுருங்குது. இத்தனை நாள் ஏன் ஆகுது? சிவப்பணு உடைஞ்சு ஹீமோகுளோபின் வெளிய வருது, அதைத் தின்ன வர்ற வெள்ளையணுங்க அங்கயே மாட்டிக்கிட்டு செத்து, நாளத்தை இறுக்குற எண்டோதெலினை எல்லாம் கொட்டுது. என்னைக் கேட்டா அழற்சிதான் மூலம்.

மீனா:
தம்பி, சிவப்பணு உடையவே சில நாள் ஆகுமே, தாமதத்துக்கு அதுவே போதும். நாளம் தளர நைட்ரிக் ஆக்சைடு வேணும், அதை ஹீமோகுளோபினே உறிஞ்சிடுது, இதுல வெள்ளையணுவுக்கு என்ன வேலை? அழற்சியையும் குறைக்கும்னு நம்பித்தான் சிம்வாஸ்டாடின்ங்கற கொலஸ்ட்ரால் மருந்தை (ஸ்டாடின் வகை) குடுத்தாங்க, 803 பேர் கலந்துக்கிட்ட அந்த ஆய்வு 2014ல வந்துச்சு, பலன் ஒண்ணும் இல்ல.

கதிர்:
ஒரு மருந்து தோத்தா கருத்தே தோத்துடுமாக்கா? ஸ்டாடின் அழற்சிக்கு அப்படி ஒண்ணும் பலமான மருந்து இல்ல. ரத்தமே விடாம அழற்சியை மட்டும் தூண்டிவிட்டு விலங்குகளுக்கு நாளம் சுருங்க வச்சிருக்காங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?

பிரபு:
நான் நியூரோ ஐசியூ நர்ஸ், ரெண்டு பேரும் சுருக்கத்தையே பிடிச்சுட்டு நிக்கிறீங்க. கிளாசோசென்டான்ங்கற மருந்து எண்டோதெலினைத் தடுத்து சுருக்கத்தை நல்லாவே குறைச்சுது, ஆனா 2011ல வந்த பெரிய ஆய்வுல பேஷன்ட் தேறுறதுல வித்தியாசம் தெரியல. நிமோடிபின்ங்கற மருந்து, நாளத்தைப் படம் பிடிக்கிற ஆஞ்சியோவுல பார்த்தா சுருக்கத்தைப் பெருசா மாத்தாது, ஆனாலும் அதுதான் ஆளைக் காப்பாத்துது, 60 மில்லிகிராம், 4 மணி நேரத்துக்கு ஒருதடவை, 21 நாள், பிரஷர் இறங்கினா 30ஆ பிரிச்சு 2 மணிக்கொருதரம் குடுப்போம். நுண்ணிய நாளத்துல கட்டுற ரத்தக்கட்டி, மூளைப் புறணியில அலையா பரவுற மின்தடுமாற்றம் இதெல்லாமும் சேர்ந்துதான் கெடுக்குது. ஒரு வாரம் கழிச்சு நாக்கு குழறுது, தூக்கின கை மெல்ல இறங்குது, கூட இருக்கறவங்க தூக்கக் கலக்கம்னு நினைச்சுக்கறாங்க, தயவுசெஞ்சு அப்பவே நர்ஸைக் கூப்பிடுங்க.

மீனா:
பிரபு சார் சொல்றது சரிதான், சுருக்கம் மட்டுமே வில்லன் இல்ல. ஆனா 2023ல வந்த ஆய்வுல முதுகுத்தண்டுல குழாய் வச்சு ரத்தம் கலந்த நீரை வடிச்சவங்க நல்லா தேறினாங்க, ரத்தத்தை வெளியேத்துனா நல்லதுன்னுதானே அர்த்தம்.

கதிர்:
அதே நீர்லதான் அழற்சியைத் தூண்டுற ஐஎல்-6ங்கற புரதமும் வடியுது, அக்கா. எது போனதால தேறினாங்கன்னு அதை வச்சு எப்படிச் சொல்ல முடியும்?

மீனா:
அப்ப வடியுற நீரை தினமும் அளந்து ஹீமோகுளோபின் முதல்ல ஏறுதா ஐஎல்-6 முதல்ல ஏறுதான்னு வரிசையா காட்டுங்க, அதுவரைக்கும் மூல காரணம்ங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன்.