மே மாதமும் வீட்டோடு இருக்கும் அப்பாவும்

திருவரங்கத்து அப்பா:

மனைவிக்கு வங்கியில் வேலை. நான் மூன்று வருடமாக வீட்டில். பையன் ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கிறான், பெண் இரண்டாவது. பள்ளி நாட்களில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எட்டேகாலுக்கு வேன் கிளம்பினால் நாலு மணி வரை வீடு என் வசம். லீவு விட்டதும்தான் தெரியும், பள்ளிக்கூடம் நமக்கு எவ்வளவு வேலையைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது என்று.

காலை பத்தரை வரை சமாளித்துவிடலாம். மாலை ஐந்துக்கு மேல் கீழே இறக்கிவிடலாம். நடுவில் இருக்கிற அந்த ஆறரை மணி நேரம்தான் ஆளைத் தின்னும். திருச்சியில் கத்திரி வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது ஜன்னல் கம்பியைத் தொட முடியாது. தாயக்கட்டை, கேரம், டிவி என எல்லாம் பன்னிரண்டு மணிக்குள் தீர்ந்துவிடும். அப்புறம் சண்டை. இந்த வருடம் அதிக நாள் ஓடிய சண்டை, மலைக்கோட்டையில் எத்தனை படி என்பது. இருவரும் எண்ணிக்கொண்டேதான் ஏறினார்கள். இறங்கும்போது ஆளுக்கொரு கணக்கு. என்னைக் கேட்டார்கள். நான் மூச்சு வாங்குவதிலேயே இருந்துவிட்டேன்.

சரி, சொல்ல வந்த விஷயம் வேறு.

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடு. மே மாதத்தில் பிள்ளைகள் வீடு மாற்றி வீடு சுற்றுவார்கள். காலையில் ஒரு வீடு, மதியம் இன்னொரு வீடு. எந்த வீட்டுக்கு எப்போது என்பதை அம்மாக்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்வார்கள். யாரும் எழுதி வைப்பதில்லை, ஆனால் தவறாமல் நடக்கும். என் பிள்ளைகளும் போவார்கள். எங்கள் வீட்டுக்குத்தான் யாரும் வருவதில்லை. போன வருடம் இரண்டாம் மாடிப் பெண், என் மகளின் வயதுதான், வாசலோடு நின்று கேட்டாள்: "ஆன்ட்டி இருக்காங்களா அங்கிள்? அம்மா கேட்டுட்டு உள்ள போகச் சொன்னாங்க." இல்லை என்றதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டாள். சுருக்கென்றுதான் இருந்தது. கோபப்பட முடியவில்லை. என் பெண்ணை அனுப்புவதானால் நானும் அதையேதான் கேட்டு வரச் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் கடைசியில் என் அம்மா போனில், "மூணு வருஷமா வீட்ல இருக்கே, ஒரு வடாம் போடத் தெரியாதா?" என்றார். ரோஷத்தில் ஒரு கிலோ ஜவ்வரிசியை இரவே ஊறவைத்தேன். காலை ஐந்துக்கு எழுந்து கூழ் காய்ச்சி, கண்ணாடி மாதிரி ஆனதும் பச்சை மிளகாயும் உப்பும் அரைத்த விழுதையும் பெருங்காயத்தையும் போட்டு, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்து, மொட்டை மாடிக்குத் தூக்கிப்போனோம். பழைய வேட்டியை விரித்துப் பிள்ளைகள் கரண்டியால் ஊற்றினார்கள். பையன் ஊற்றியது வட்டம். பெண் ஊற்றியதில் ஒன்று யானை.

நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, காக்காய்க்குக் கறுப்புக் குடை ஒன்றை விரித்துவிட்டு நிமிர்ந்தால், துணி காயப்போட வந்த மூன்றாம் மாடிப் பாட்டி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். குண்டானில் ஒட்டியிருந்த கூழை விரலால் வழித்து நாக்கில் வைத்தார்.

"உப்பு சரியா இருக்கே."

பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன்.

"சரியா இருந்தா தப்பு தம்பி. காஞ்சா கரிக்கும். கூழ்ல உப்பு பத்தாத மாதிரி இருக்கணும்."

கரித்தது. ஆனாலும் அன்று சாயங்காலம் அவரே வந்து, வேட்டியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு உரிக்கச் சொல்லிக் கொடுத்தார். உடையாமல் கழன்று வந்தது, யானை உட்பட. நான் அதுவரை கத்தியால் சுரண்டலாம் என்ற யோசனையில் இருந்தேன்.

அடுத்த வாரம் நான் மறுபடி போட்ட அன்றைக்கே பாட்டி தன் வீட்டு வடாத்தையும் போட்டார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு வீடு சேர்ந்துகொண்டது. காவலுக்கு ஆறு பிள்ளைகள். காக்காய் தின்றதைவிடக் காவல்காரர்கள் பாதி காய்ந்ததுமே எடுத்துத் தின்றதே அதிகம். வெயில் ஏறியதும் எல்லோரும் எங்கள் வீட்டுக்குள் இறங்கிவிட்டார்கள். மாடிக்குப் பக்கத்து வீடு எங்களுடையதுதான், வேறு காரணமில்லை. நான் வாசல் கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு, எல்லோருக்கும் மோர் கரைத்துக் கொடுத்தேன்.

பாளையங்கோட்டைக்காரன்:

உங்களுக்கு வடாம் மாதிரி எனக்குக் கைகொடுத்தது தலைப்பேன் அண்ணே! லீவுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்த மகள் தலை நிறையக் கொண்டுவந்துவிட்டாள். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் பகல் ஷிப்ட். நானே திண்ணையில் உட்கார்ந்து, மடியில் வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டு, பேன்சீப்பால் வாரினேன். தெருவில் போன எல்லாரும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள். காய்கறி வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டே பார்த்தார். எதிர்வீட்டு ஆச்சிதான் பொறுக்கமாட்டாமல் கத்தினார்: "ஏ தம்பி, இருட்டுல என்னத்தத் தேடுதிய? வெளிச்சத்தப் பாத்து பிள்ளைய திருப்பி உக்கார வைங்க!" திருப்பி உட்காரவைத்தேன். அதற்குப் பிறகுதான் ஈரே கண்ணில் பட்டது. மூன்று நாளில் தலை சுத்தம். நான்காவது நாள் ஆச்சி தன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார வைத்துவிட்டார்.

அம்பத்தூர் அம்மா:

நான் அந்தப் பக்கத்து ஆள். வேலைக்குப் போகிறவள். வீட்டில் இருப்பது என் கணவர். ஒவ்வொரு மே மாதமும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நான் ஏழு மணிக்கு உள்ளே நுழைந்தால், அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஒரு வாய் காபி சேர்ந்து குடிக்கக்கூட நிற்கமாட்டார். இந்த வருடம் அவர் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஊருக்குப் போனார். நான் ஐந்து நாள் லீவு எடுத்தேன். முதல் நாளே பன்னிரண்டு மணிக்குள் "போர் அடிக்குதும்மா" பதினாறு தடவை, எண்ணினேன். மதியம் கரண்ட் போனது. பிரிட்ஜைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு சின்னவன் நின்றான். ஐந்தாம் நாள் மாலை அவர் பையோடு கேட்டைத் திறக்கும்போது நான் செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றிருந்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தேன்.

திருவரங்கத்து அப்பா:

பதினாறு என்பது குறைவு மேடம், நல்ல பிள்ளைகள்.

மற்றபடி இங்கே இந்த வருட வடாம் மூன்று கிலோ முடிந்தது. உப்பு பத்தாத மாதிரிதான் போட்டேன். நேற்று மாலை ஆறு பேரையும் அம்மா மண்டபம் படித்துறைக்குக் கூட்டிப்போனேன். காவிரியில் வெறும் மணல், தூரத்தில் ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர். எப்போது வரும் என்று கேட்டார்கள். மேட்டூரை வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள், அங்கிருந்து இங்கே வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும் என்றேன். "அப்ப ஸ்கூல் திறந்துடுமே" என்றான் பையன். மணலில் குழி தோண்டினால் ஊறும் என்று யாரோ சொல்ல, முழங்கை ஆழம் தோண்டி, ஊறிய தண்ணீரில் ஆறு பேரும் வரிசையாகக் காலை நனைத்துக்கொண்டார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் மாடிப் பெண் வந்துவிட்டாள். ஆன்ட்டி இருக்கிறாளா என்றெல்லாம் கேட்கவில்லை. "அங்கிள், குடை பறந்துடுச்சு, சீக்கிரம் வாங்க" என்கிறாள். போய்விட்டு வருகிறேன்.