புதுப்பிப்பு: பல்லவியோடு நின்றுபோன பாட்டு

பல்லவி எழுதிவிட்டுச் சரணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன், பேனாவை எடுத்தாலே 'இதை யார் கேட்கப்போகிறார்கள்' என்று தோன்றுகிறது என முன்பு புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. வார்த்தையை விடுங்கள், முதலில் மெட்டைத் தத்தகாரமாகப் பாடிப் போனில் பதிவு பண்ணுங்கள் என்று ஒருவர் சொன்னார், அதுதான் கைகொடுத்தது. 'தன்னன்னே தானன்னா' என்று பாடும்போது நல்ல வரியா, மட்டமான வரியா என்ற பேச்சே எழவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் வேறு, விசைப்படகெல்லாம் பாம்பனில் கட்டிக்கிடக்க, வேலை இருக்கிறது என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. (வேறு சாக்கு கண்டுபிடித்தேன், அது தனிக்கதை.)

அப்புறம் கரைவலை இழுக்கிற மாமாவிடம் பாடிக் காட்டினேன். வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டிலேயே வளர்ந்த காது. "மாப்ளே, இவ்வளவு நீட்டினா மூச்சை எங்க விடுறது?" என்றார். மூன்றாவது வரியில் இரண்டு சொல்லை வெட்டினேன், சந்தம் சட்டென்று உட்கார்ந்துவிட்டது. 'சூப்பர்' என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இரண்டாவது சரணம் இன்னும் தத்தகாரத்தில்தான் நிற்கிறது. மண்டபம் பக்கம் தபேலா வாசிக்கிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.