ஏஐ வந்தபின் சினிமாவில் சின்ன வேலையெல்லாம் எங்கே போகிறது? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

மைக்காரி:

வடபழனி, சாலிகிராமம் பக்கம் பல வருடமாக டப்பிங் பேசுகிறேன். கதாநாயகிக்குப் பேசுகிற ஆள் இல்லை. பூக்காரி, எதிர்வீட்டு மாமி, ஆஸ்பத்திரி நர்ஸ், கல்யாணக் கூட்டத்தில் யாரோ ஒருத்தி, அதெல்லாம் நான். சினிமாவை நம்பி மட்டும் இருந்தால் வீட்டு வாடகை கட்ட முடியாது. கம்பெனிப் பயிற்சி வீடியோ, 'தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்', ஊர்ப்பக்க ஜவுளிக்கடை விளம்பரம், இவைதான் சோறு போட்டன.

முதலில் நின்றது பயிற்சி வீடியோ. சண்டை, சச்சரவு எதுவும் இல்லை, போன் வருவது நின்றுவிட்டது, அவ்வளவுதான். கொஞ்ச நாள் கழித்து அதே ஆள் கூப்பிட்டார். "மேடம், குரல் ரெடியா இருக்கு, தப்பு மட்டும் பாத்துக் குடுங்க." தீப்பாதுகாப்பு வீடியோ அது. ஏஐ குரல் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கேஸ் சிலிண்டரை கோர்ட் கேஸ் மாதிரி வாசித்தது. 'உடனே வெளியேறுங்கள்' என்பதை 'காபி குடிக்கிறீர்களா' என்கிற தொனியில் சொன்னது. எங்கே தப்பு என்று நேரம் குறித்து எழுதி, அவர்கள் திருத்தி அனுப்பியதை மறுபடி கேட்டு முடிப்பதற்குள், முழுவதையும் நானே ரெண்டு தடவை பேசியிருக்கலாம். கிடைத்தது பழைய சம்பளத்தில் கால்வாசிகூட இல்லை.

2024இல் ஏ.ஆர். ரஹ்மான் 'லால் சலாம்' பாட்டில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏஐ மூலம் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சம்பளமும் கொடுத்துச் செய்தார். எஸ்.பி.பி. குரலை ஒரு தெலுங்குப் படத்தில் அனுமதி கேட்காமல் ஏஐ மூலம் பயன்படுத்தியபோது அவர் மகன் சரண் நோட்டீஸ் அனுப்பினார். அதே 2024இல் அரிஜித் சிங்கின் குரலுக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் பாதுகாப்பு கொடுத்தது. சரி, பேர் இருப்பவர்களுக்குக் கேட்க ஆள் இருக்கிறது. பூக்காரி குரலை எடுத்துப் போட்டால் யார் நோட்டீஸ் விடுவது? அது என் குரல் என்று நிரூபிக்கவே எனக்கு வழி இல்லை, டைட்டில் கார்டில்கூட நான் இல்லை.

உங்களுக்கு என்ன நடந்தது, எழுதுங்கள்.

ரோட்டோ மணி:

அக்கா, எங்கள் பக்கம் இதைவிட வேகம். நான் விஎஃப்எக்ஸில், அதாவது சினிமா கிராஃபிக்ஸில், ரோட்டோ. தெரியாதவர்களுக்காக: நடிகரைப் பின்னணியிலிருந்து பிரிக்க, அவர் உருவத்தைச் சுற்றி ஒவ்வொரு ஃப்ரேமாகக் கோடு போட வேண்டும். நொடிக்கு 24 ஃப்ரேம், ஐந்து நொடி ஷாட் என்றால் 120. காற்றில் பறக்கிற முடியும் ஷிஃபான் புடவை ஓரமும் வந்தால் அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போக முடியாது. ஹாலிவுட் படங்களின் இந்த வேலை வருடக்கணக்காக சென்னை, ஹைதராபாத், பெங்களூரு, மும்பைக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

இப்போது முதல் சுற்றை மென்பொருளே போட்டுவிடுகிறது. தோள், சட்டை, கார், இதெல்லாம் சுத்தமாக வருகிறது. விரல் இடுக்கிலும் முடியிலும் சொதப்பும், அதைத்தான் நாங்கள் சரி செய்கிறோம். எங்கள் டீமில் யாரையும் நேராக 'ஏஐ வந்துவிட்டது, கிளம்பு' என்று சொல்லவில்லை. விலகிப் போனவர்கள் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. என் வருத்தம் புதுப் பசங்களைப் பற்றித்தான். டிப்ளமோ முடித்துவிட்டு வருபவன் ரோட்டோவில் உட்கார்ந்துதான் கண்ணைப் பழக்குவான், அப்புறம் காம்ப்பிற்கு, அதாவது பிரித்த காட்சிகளை ஒன்றாகச் சேர்க்கிற வேலைக்கு, போவான். இப்போது 'நேராக காம்ப் தெரியுமா' என்று கேட்கிறார்கள். எங்கே கற்றுக்கொண்டு வருவான்?

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், எல்லாப் பழியையும் ஏஐ மேல் போடாதீர்கள். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்கிற பெரிய விஎஃப்எக்ஸ் நிறுவனம் விழுந்தபோது இங்கேயும் நிறையப் பேர் தெருவுக்கு வந்தார்கள். அதில் கடன் சுமையும், 2023 ஹாலிவுட் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வேலை வரத்து குறைந்ததும்தான் பெரிய காரணம்.

சுருதி பிசகாதவன்:

ட்ராக் பாடுகிறேன், பாடினேன். படத்தில் பாடப்போகிற பாடகர் வருவதற்கு முன் மாதிரிக்காகப் பாடி வைப்பதுதான் ட்ராக். இசையமைப்பாளர் இப்போது தானே மெட்டைப் பாடி, அதைப் பெண் குரலாக மாற்றி டைரக்டருக்குப் போட்டுக் காட்டிவிடுகிறார். ட்ராக்குக்குக் கிடைத்த காசு போனால் போகட்டும். 'இந்தப் பையனே இருக்கட்டும்' என்று யாராவது சொல்லி நம் குரலே படத்தில் தங்கிவிடும் என்கிற ஆசையில்தான் எத்தனையோ பேர் நடுராத்திரியில் ஸ்டூடியோ வாசலில் நின்றிருக்கிறோம். அந்த வாசலே இல்லை இப்போது.

திருநெல்வேலி குறும்படம்:

கோபப்படாதீங்க அக்கா. எனக்கு இது வரப்பிரசாதம். ஸ்டோரிபோர்டு, போஸ்டர், சப்டைட்டில் எல்லாம் என் ரூமிலேயே முடிகிறது. முன்பு மட்டும் காசு கொடுத்து ஆளா வைத்தேன்? போஸ்டரே இல்லாமல் போட்டிக்கு அனுப்பியிருக்கிறேன்.

மைக்காரி:

தம்பி, உங்கள் மேல் எனக்கு என்ன கோபம்? இல்லாத காசைப் பிடுங்க முடியுமா. நான் சொல்வது காசு இருந்தும் கொடுக்காதவர்களை.

மணி, 2023இல் அமெரிக்க நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்து வாங்கியதில் முக்கியமானது, டிஜிட்டல் நகல் எடுப்பதானால் சம்மதமும் சம்பளமும் வேண்டும் என்பது. இங்கே நமக்கு இருப்பது கையெழுத்துப் போடும் அந்த ஒரு தாள்தான். 2025 ஆகஸ்டில் தனுஷ் நடித்த 'அம்பிகாபதி'யின் முடிவை ஏஐ வைத்து மாற்றி மறுவெளியீடு செய்தார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் எதிர்த்தும் படம் தியேட்டருக்கு வந்தது. அவர்களுக்கே அந்தக் கதி.

அதனால் இப்போதெல்லாம் தாளை முழுக்கப் படிக்கிறேன். போன வாரம் வந்ததில், 'எந்தத் தொழில்நுட்பத்திலும், எக்காலத்துக்கும்' குரலைப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி. அதை அடித்து, 'இந்த வீடியோவுக்கு மட்டும்' என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேனேஜர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, பணமும் வந்துவிட்டது. அடுத்த வேலைக்குக் கூப்பிட்டார்களா என்று கேட்காதீர்கள், இன்னும் இல்லை.