கெர்னலுக்குப் பேட்ச் அனுப்பிய அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்து:

வணக்கம். இங்கே ஒரு செம்பனை ஆலையில் எடைமேடைக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். பழம் ஏற்றிய லோரி மேடையில் ஏறியதும் எடை சீரியல் கேபிள் வழியாகக் கணினிக்கு வந்துவிடும். அந்தக் கேபிளுக்கான லினக்ஸ் டிரைவரில் (சாதனத்தை இயக்கும் நிரல்) ஒரு நினைவகக் கசிவு இருந்தது. சாதனம் தொடங்கும்போது நடுவில் பிழை வந்தால், அதுவரை ஒதுக்கிய நினைவகத்தை விடுவிக்காமலே திரும்பிவிடும். திருத்தம் இரண்டே வரி. அந்த இரண்டு வரியை எப்படி அனுப்புவது என்று தோட்டத்துத் தம்பிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குப் பேட்ச், அதாவது கோட் திருத்தம், இன்றும் மின்னஞ்சலில், வெறும் எழுத்தாகத்தான் போகிறது. எச்டிஎம்எல் ஆகாது, இணைப்பாக வைப்பதும் ஆகாது. கெர்னலின் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர் நம் கோட் வரிகளுக்கு இடையிலேயே பதில் எழுதுவார். திருப்தியானால், கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் நிரலில் ‘கிட் ஏஎம்’ என்ற கட்டளை கொடுத்து அதே மின்னஞ்சலைத் தம் மரத்தில் (தம் கோட் தொகுப்பில்) சேர்ப்பார். அதனால்தான் இடைவெளி விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பு. கெர்னல் கோடில் உள்தள்ளலுக்கு டேப்தான், ஒரு டேப்புக்கு 8 இடம். உலாவியில் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து ஒட்டினால் டேப்பெல்லாம் ஸ்பேஸாக மாறலாம், நீள வரிகள் மடங்கலாம். திரையில் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும், பராமரிப்பாளரிடம் போனால் பேட்ச் பொருந்தாது. ‘கிட் ஃபார்மட்-பேட்ச்’ போட்டுக் கோப்பை எடுத்து, ‘கிட் சென்ட்-ஈமெயில்’ வழியாக அனுப்புங்கள். முதலில் உங்களுக்கே ஒன்று அனுப்பி, வந்ததைச் சேமித்து, நம் திருத்தம் இல்லாத சுத்தமான கிளையில் (கோடின் தனிப் பிரதியில்) ‘கிட் ஏஎம்’ ஓட்டிப் பாருங்கள். அங்கே பொருந்தினால் பயமில்லை. தோட்டத்தில் லைன் விட்டுவிட்டு வந்தாலும் கவலை வேண்டாம். பேட்ச் கோப்பைத் தயாரிக்க இணையமே தேவையில்லை, அனுப்பும்போது கைப்பேசி லைன் போதும்.

கோடைவிட எனக்கு நேரம் பிடித்தது பேட்சோடு போகும் விளக்கம்தான். தலைப்பில் துணையமைப்பின் (கெர்னலின் எந்தப் பகுதி என்பதன்) பெயர், முக்காற்புள்ளி, பிறகு என்ன செய்கிறது என்று ஒரு வரி. மொத்தம் 70, 75 எழுத்துக்குள். முன்னால் என்ன பெயர் போடுவது என்று யாரையும் கேட்க வேண்டாம், அந்தக் கோப்பின் பழைய மாற்றங்களைக் காட்டும் ‘கிட் லாக்’கைப் பார்த்தாலே தெரியும். வாக்கியம் ‘கசிவைச் சரிசெய்’ என்று ஏவலாக இருக்க வேண்டும். ‘பிழை திருத்தம்’ என்று மட்டும் போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. நல்ல வேலையைச் செய்துவிட்டு இப்படி வாயை மூடிக்கொள்ளலாமா? எந்தப் பாதையில் கசிகிறது, பயனர் என்ன பார்ப்பார், ஏன் இந்த இடத்தில் விடுவிக்கிறோம், இவ்வளவும் உள்ளே வரட்டும். கோளாறு எந்தக் கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) நுழைந்தது என்று ‘கிட் ப்ளேம்’ பார்த்து, அதன் அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளோடு ‘ஃபிக்ஸஸ்’ வரியும் சேருங்கள். பழைய வெளியீடுகளுக்கும் திருத்தத்தைக் கொண்டுபோகிறவர்களுக்கு அந்த வரி பெரிய உதவி.

பராமரிப்பாளர் மறுநாளே பதில் போட்டார். நினைவகத்தை விடுவிக்கும் வரியைத் தனி லேபிளில் (பெயரிட்ட இடத்தில்) வைத்து, பிழை வந்தால் ‘கோட்டூ’ மூலம் அங்கே தாவச் சொன்னார். இரண்டாம் பதிப்பு என்று காட்ட ‘-வி2’ சேர்த்துப் பேட்சை மீண்டும் எடுத்தேன். என்ன மாறியது என்பதை, விளக்கம் முடிந்ததும் வரும் ‘---’ என்ற மூன்று கோட்டுக்குக் கீழே எழுதினேன். அங்கே எழுதுவது வாசிப்பவருக்கு மட்டும், கிட் வரலாற்றில் ஏறாது.

தைப்பிங்கிலிருந்து:

அண்ணே, பெயர் விஷயத்தையும் சொல்லணும். பேட்சில் நாம் போடும் ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரியில் இருக்கும் பெயரும் அனுப்புநர் பெயரும் ஒன்றாக இருக்கணும். என் கல்லூரி மின்னஞ்சலில் மைகார்டில் உள்ளபடி ‘ஏ/பி’யோடு (இன்னாரின் மகள்) முழுப் பெயர், கிட் அமைப்பில் என் பெயர் மட்டும். பேட்சைச் சோதிக்கும் ‘செக்பேட்ச்’ ஓட்டியதும் எச்சரித்தது. இரண்டிலும் அப்பா பெயரோடு போட்டுவிட்டேன். பால்மரம் வெட்டிப் படிக்க வைத்தவர், அவர் பெயர் கெர்னல் வரலாற்றில் இருக்கட்டும்.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

நல்லா செய்தீங்க தங்கச்சி. அந்த ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரி 2004இல் வந்தது. இந்தக் கோடைத் தரும் உரிமை எனக்கு இருக்கிறது என்று நாம் கொடுக்கும் உறுதி அது. ஆலைக் கணினியில் எழுதியதால் நான் மேனேஜரிடம் முன்பே கேட்டு, சரி என்று எழுத்தில் வாங்கிக்கொண்டேன். வேலையிடத்தில் எழுதுகிறவர்கள் எல்லாரும் கேட்டுவிடுங்கள்.

கோலகங்சாரிலிருந்து:

அனுப்பி மூன்று நாளாச்சு அண்ணே, சத்தமே இல்லை. திரும்ப அனுப்பலாமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து:

வேண்டாம் தம்பி, குறைந்தது ஒரு வாரமாவது பொறுங்க. இப்போது மெர்ஜ் விண்டோ (அடுத்த வெளியீட்டுக்கான மாற்றங்களைச் சேர்க்கும் காலம்) நடக்கிறதா என்றும் பாருங்க. ஒவ்வொரு வெளியீட்டுக்குப் பிறகும் இரண்டு வாரம் பராமரிப்பாளர்களுக்குத் தலைக்குமேல் வேலை. யாருக்கு அனுப்பணும் என்று சொல்லும் ‘கெட்_மெயின்டெய்னர்’ நிரல் காட்டிய எல்லாருக்கும் போனதா என்றும் ஒருமுறை சரிபாருங்க. போகாமல் இருந்தால் இங்கே சொல்லுங்க, சேர்ந்து பார்க்கலாம்.