சூக்கா, பலாவா? குவாம் வழி டிக்கெட்டில் சிக்கல், உதவி தேவை

உப்புவெளியான்:
வணக்கம். வாடை தொடங்கினால் இங்கே திருகோணமலையில் புறாத்தீவுப் பக்கம் போட் ஓடாது, தண்ணீரும் கலங்கிவிடும். அதனால் ஜனவரி லீவில் இரண்டு கிழமை பசிபிக்கில் சுழியோடிவிட்டு வரலாம் என்று நானும் மச்சானும் யோசிக்கிறோம். சூக் லகூனில் கிடக்கும் ஜப்பான் கப்பல்களைப் பார்க்க ஆசை. முடிந்தால் தீவு நாடான பலாவும். இருவரிடமும் சுழியோடலில் அட்வான்ஸ்ட் சான்றிதழ் இருக்கிறது. சூக்குக்குத் தேடினால் குவாம் வழியாகத்தான் டிக்கெட் காட்டுகிறது. டிக்கெட் போடுபவர் "வெறும் டிரான்சிட் தானே" என்கிறார். காசு கட்டலாமா?

மூதூர் அக்கா:
கட்டாதீங்கோ தம்பி! குவாம் அமெரிக்க மண். விமானம் மாற மட்டும் இறங்கினாலும் இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும். இல்லாவிட்டால் கட்டுநாயக்காவிலேயே மறித்துவிடுவார்கள். எரிச்சல் என்னவென்றால், சூக் இருக்கும் மைக்ரோனேசியா 30 நாளுக்கு விசாவே கேட்பதில்லை. வீட்டுக் கதவு திறந்துதான் கிடக்கிறது, ஒழுங்கை முகப்பில்தான் கேற்.

கொட்டியாரம்:
அக்கா சொன்னது சரி. இன்னொன்று, இரண்டு கிழமைக்குள் இரண்டு நாட்டையும் அடைக்கப் பார்க்காதீங்கோ. பாதி லீவு விமான நிலையங்களிலேயே போய்விடும்.

சூக்கில் உள்ளவை 1944 பெப்ரவரியில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த கப்பல்கள். புஜிகாவா மாரு உங்களுக்குச் சரிவரும்: நிமிர்ந்தபடி நிற்கிறது, மேல்தளம் 18 மீட்டருக்குக் கிட்ட, கிடங்குக்குள் போர் விமானப் பாகங்கள். ஆனால் தளத்தில் டாங்கிகள் நிற்கும் சான் பிரான்சிஸ்கோ மாரு 50 மீட்டர் ஆழம். அட்வான்ஸ்ட் சான்றிதழுக்கு எல்லை 30. அதைத் தொடக்கூட வேண்டாம்.

என் வாக்கு பலாவுக்கு. அங்கே நவம்பர் முதல் மே வரை மழை குறைவு, நமக்கு வாடை அடிக்கும் காலம்தான். பிரிஸ்பேனிலிருந்து நேரடி விமானம் உண்டு, ஆனால் தினமும் இல்லை. அவுஸ்திரேலிய டிரான்சிட் விசா எடுக்க வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. அங்கே புளூ கோர்னர் என்ற சுழியோடும் இடத்தில் நீரோட்டம் இழுக்கும் இழுவையில் செத்த பாறையில் கொக்கியை மாட்டி, மிதவை ஜாக்கெட்டுக்குள் கொஞ்சம் காற்று ஏற்றித் தொங்கிக்கொண்டிருந்தால் போதும், சுறாக்கள் முகத்துக்கு நேரே போகும். உயிருள்ள முருகைக்கல்லில் மாத்திரம் கொக்கியைப் போட்டுவிடாதீங்கோ.

மூதூர் அக்கா:
செலவுக்கு அமெரிக்க டொலர்தான். பலாவின் 100 டொலர் சுற்றாடல் கட்டணம் விமான டிக்கெட்டோடேயே சேர்ந்து வரும், முகவர் அதைத் தனியாகக் கேட்டால் கொடுக்காதீங்கோ. ஒக்சிபென்சோன் என்ற இரசாயனம் உள்ள சன்கிரீமுக்கு 2020 முதல் அங்கே தடை, இங்கே வாங்கும்போதே லேபிளைப் பாருங்கோ.

உப்புவெளியான்:
நன்றி அக்கா, அண்ணா. பலா என்றே முடிவு, மச்சானுக்குத்தான் முகம் வாடிப்போச்சு. சாமான் எல்லாம் கொண்டுபோகவா, அங்கே வாடகைக்கு எடுக்கவா?

கொட்டியாரம்:
மாஸ்க், மூச்சுவிடும் ரெகுலேட்டர், ஆழமும் நேரமும் காட்டும் சுழியோடிக் கம்ப்யூட்டர் மூன்றும் கைப்பையில். ஜாக்கெட்டும் பாரத்துக்குக் கட்டும் ஈயமும் அங்கே எடுக்கலாம். ரெகுலேட்டரை இப்போதே சர்வீஸுக்குக் கொடுத்து, கடல் நல்லாக இருக்கும்போதே சுவாமி மலையடியில் இறங்கிப் பார்த்துவிடுங்கோ. கடைசிச் சுழியோட்டத்துக்கும் விமானத்துக்கும் இடையில் குறைந்தது 18 மணி நேரம் விட்டு டிக்கெட் போடச் சொல்லுங்கோ. சுழியோடிகளுக்கான காப்புறுதியும் கட்டாயம். மச்சானிடம் சொல்லுங்கோ, பலாவிலும் மூழ்கிய ஜப்பான் கப்பல்கள் கிடக்கின்றன.