டீப் ஸ்பேஸ் நைன் நாவல்கள்: படிக்கலாமா, கேட்கலாமா?

வார்ம்ஹோல்வாசி கேட்டது:

ஸ்டார் ட்ரெக் வரிசையில் வந்த டீப் ஸ்பேஸ் நைன் டிவி தொடரின் ஏழு சீசனையும் பார்த்து முடித்துவிட்டேன். 1999-இலேயே நின்றுபோன தொடர், இனி புதிதாக எதுவும் வராது என்று தெரிந்தும் மனசு கேட்கவில்லை. தேடினால் நாவல்கள் குவிந்து கிடக்கின்றன, சிலவற்றுக்கு ஆடியோபுக்கும் இருக்கிறது.

ஆனால் தயக்கம். டிவியிலும் சினிமாவிலும் வந்தது மட்டும்தான் கேனன், அதாவது அதிகாரபூர்வமான கதை, புத்தகமெல்லாம் கணக்கில் வராது என்கிறார்கள். கணக்கில் வராத கதையை எதற்கு மெனக்கெட்டுப் படிக்க வேண்டும்? அப்புறம், எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், காதால் கேட்டுப் பழக்கமில்லை. சப்டைட்டில் இல்லாமல் ஒரு எபிசோடுகூடப் பார்த்ததில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது காரக், விண்வெளி நிலையத்தில் தையல் கடை வைத்திருக்கும் அந்தக் கார்டாசியா கிரகத்து முன்னாள் ஒற்றன். எங்கே தொடங்கலாம்? பார்த்த எபிசோடையே திருப்பிச் சொல்லும் புத்தகம் வேண்டாம்.

காஜாபட்டன் எழுதியது:

காரக் என்று சொன்னதால்தான் எழுதுகிறேன். இந்த விஷயத்தில் என்னிடம் நடுநிலை எதிர்பார்க்காதீர்கள். நான் தையற்காரன். கோவையில் சின்னதாக ஒரு கடை.

நாலாவது சீசன் தொடக்கத்தில் ஒரு காட்சி வருமே, நினைவிருக்கிறதா? கிளிங்கான் படை கார்டாசியாவைத் தாக்கக் கிளம்பிவிட்டது. கார்டாசியாவுக்கு நேரடியாகத் தகவல் கொடுக்க நிலையத்தின் தலைவர் சிஸ்கோவால் முடியாது. அதனால் சூட் தைக்க வேண்டும் என்று காரக்கைக் கூப்பிட்டு, அவர் அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போதே தன் அதிகாரிகளிடம் முழு விஷயத்தையும் பேசுவார். எல்லோருக்கும் அது சிஸ்கோவின் சாமர்த்தியம். எனக்கு அது தினசரி நடக்கிற கதை. அளவு எடுக்கிறவன் முன்னால் ஜனங்கள் எதையும் பேசுவார்கள். பாகப்பிரிவினை, நின்றுபோன கல்யாணம், மாமியார் போட்ட நகை எத்தனை பவுன், எல்லாம் கையை விரித்து நின்றபடியே என் கடையில் பேசப்பட்டிருக்கிறது. நான் அங்கே இருப்பதே அவர்கள் கணக்கில் வராது. ஒற்றனுக்கு இந்த வேலையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த எழுத்தாளர் யாராக இருந்தாலும் தையல் கடை வாசலில் நின்றிருக்க வேண்டும்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். ‘எ ஸ்டிட்ச் இன் டைம்’, 2000-இல் வந்தது. எழுதியவர் காரக்காக நடித்த ஆண்ட்ரூ ராபின்சனேதான். பெயரை மட்டும் கடன் கொடுத்த வேலை இல்லை. நடிக்கிற காலத்திலேயே அந்தப் பாத்திரத்துக்காக நாட்குறிப்பு மாதிரி எழுதி, ரசிகர் மாநாடுகளில் வாசித்துக் காட்டுவாராம். அது வளர்ந்துதான் நாவலானது. போர் முடிந்து இடிபாடாகக் கிடக்கிற கார்டாசியாவில் உட்கார்ந்துகொண்டு காரக், நிலையத்தில் நண்பராக இருந்த டாக்டர் பாஷீருக்கு எழுதும் நீண்ட கடிதம். சின்ன வயது, பள்ளிக்கூடம், தோட்டக்காரர் டோலன் வளர்க்கும் ஆர்க்கிட் செடிகள், பிறகு உளவு வேலை, நாடு கடத்தல் என்று முன்னும் பின்னும் போகும்.

அதன் ஆடியோபுக் 2023-இல்தான் வந்தது. வாசித்தவரும் ராபின்சன், வயது 80-ஐத் தாண்டிய பிறகு. டிவியில் இந்த ஆள் ஒரு கேள்விக்கு மூன்று பதில் சொல்வார், மூன்றும் பொய்யாக இருக்கும். அப்படிப்பட்டவர் ‘உண்மையைச் சொல்கிறேன் டாக்டர்’ என்ற பாவனையில் பேசும்போது, அச்சில் படித்தால் நம்பிவிடுகிறோம். குரலில் கேட்டால் நம்ப முடியவில்லை. ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு முன் கொஞ்சம் நிறுத்துகிறார். அந்த இடத்தில் ஊசியைப் பிடித்த கை தானாக நின்றுவிடும்.

நான் கைவேலையின்போதுதான் கேட்பேன். பிளவுஸுக்குக் கொக்கி வைக்க, புடவைக்கு ஃபால்ஸ் தைக்க. ஓவர்லாக் மெஷின் ஓடினால் ஒன்றும் காதில் விழாது, அதனால் மெஷின் வேலையெல்லாம் காலையிலேயே முடித்துவிடுவேன். உங்கள் ஆங்கிலக் கவலைக்கு ஒரு வழி: முதல் சில அத்தியாயங்களுக்கு மின்னூலையும் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள். ராபின்சன் நிதானமாகப் பேசுகிறவர். பெயர்கள் பழகிவிட்டால் அப்புறம் புத்தகம் தேவைப்படாது. தயவுசெய்து வேகத்தைக் கூட்டி மட்டும் கேட்காதீர்கள்.

கேனன் விஷயம் எனக்கு விளங்குவதே இல்லை. முதல் ஸ்டார் ட்ரெக் தொடரில் வரும் சூலுவுக்கு ஹிகாரு என்ற முதல் பெயரை வைத்தது டிவி தொடர் அல்ல, 1981-இல் வோண்டா மெக்கின்டைர் எழுதிய ‘த என்ட்ரபி எஃபெக்ட்’ நாவல். படத்தில் அந்தப் பெயரை உச்சரிக்க 1991 ஆனது. அந்தப் பத்து வருஷம் நாவல் படித்தவர்களுக்கு அவர் ஹிகாருதான்.

நீலப்பெட்டி எழுதியது:

ஸ்டார் ட்ரெக் எனக்கு அவ்வளவு தெரியாது, நான் பிபிசியின் டாக்டர் ஹூ தொடர் ஆள். கேள்விக்கு நேரடி பதில் இல்லைதான், ஆனால் கணக்கில் வராத கதை என்று சொன்னதால் வருகிறேன்.

1960-களில் ஒளிபரப்பிய டாக்டர் ஹூ எபிசோடுகள் பலவற்றை பிபிசி பிறகு அழித்துவிட்டது. டேப் விலை அதிகம், மறுபடி ஒளிபரப்பும் உரிமையும் முடிந்துவிட்டது, வீட்டு வீடியோ என்ற ஒன்று வரும் என்று யாரும் நினைக்கவில்லை. அப்படிப் போனவற்றில் 90-க்கும் மேற்பட்ட எபிசோடுகள் இன்னும் கிடைக்கவில்லை. அந்தக் கதைகளெல்லாம் நாவல்களாகத்தான் தலைமுறை தாண்டி வந்தன. டார்கெட் பதிப்பகத்துக்கு டெரன்ஸ் டிக்ஸ் ஒருவரே 60-க்கு மேல் எழுதியிருக்கிறார். இன்னொன்று ஒலி. டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த ரசிகர்களால் எல்லா எபிசோடுகளின் ஒலியும் தப்பியது. பிபிசியே பிறகு அவற்றை வர்ணனை சேர்த்து வெளியிட்டது.

நடிகரே வாசிப்பதென்றால் எங்களிடமும் ஒன்று உண்டு. 1964-இல் டேவிட் விட்டேகர் எழுதிய, டாலெக் என்ற வில்லன்கள் வரும் முதல் நாவல். இயான் என்ற பாத்திரம் தன் வாயாலேயே கதை சொல்வது போன்ற நடை. தொடக்கமே டிவியிலிருந்து வேறு: பழைய சாமான் கிடங்கு இல்லை, பனிமூட்டத்தில் பார்ன்ஸ் காமன் பக்கம் ஒரு கார் விபத்து. ஆடியோபுக்கை வாசித்தது இயானாக நடித்த வில்லியம் ரஸல். டிவியில் பார்த்ததும் இதுவும் ஒத்துப்போகாது. அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

பிக் ஃபினிஷ் நிறுவனம் 1999 முதல் வெளியிடுவது வேறு வகை. ஆடியோபுக் இல்லை, பல நடிகர்கள் நடிக்கும் ஒலி நாடகம். கேட்டுப் பழகாதவர் அதில் தொடங்க வேண்டாம். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள், பின்னால் வெடிச் சத்தம் வேறு.

பழையசோறு எழுதியது:

எல்லோரும் ஆசை காட்டுகிறீர்கள், நான் கொஞ்சம் பயம் காட்டுகிறேன். 2001-இல் ‘அவதார்’ இரண்டு பாகத்தோடு, டிவி நிறுத்திய இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்கள். ஒன்றைப் பிடித்தால் அடுத்தது, அதைப் பிடித்தால் பக்கத்துத் தொடரின் புத்தகம் என்று இழுத்துக்கொண்டே போகும். நானும் வாங்கிக் குவித்தேன். 2020-இல் பிகார்ட் என்ற புது ஸ்டார் ட்ரெக் டிவி தொடர் வந்து, நாவல்களில் நடந்தது எதுவும் நடக்காத மாதிரி போனது. 2021-இல் ‘கோடா’ என்று மூன்று புத்தகம் போட்டு அந்த உலகத்தையே இழுத்து மூடினார்கள். கூடவே வளர்ந்த ஆட்களை வரிசையாகச் சாகடித்ததைப் படித்தபின் அலமாரியில் மீதி இருந்ததைப் பழைய புத்தகக் கடைக்குப் போட்டுவிட்டேன். தனியாக முடிகிற புத்தகமாகப் பார்த்துப் படியுங்கள். வரிசையில் இறங்காதீர்கள்.

வார்ம்ஹோல்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பழையசோறு சார், உங்கள் கோபம் புரிகிறது, வரிசையில் இறங்க மாட்டேன். காஜாபட்டன் அண்ணா, காரக் புத்தகத்தைக் கேட்பதற்கு முன் ஏதாவது எபிசோடு மறுபடி பார்க்க வேண்டுமா? முடித்துவிட்டு அடுத்து எது?

காஜாபட்டன் எழுதியது:

தம்பி, இரண்டாவது சீசனில் ‘த வயர்’ ஒன்றைப் பாருங்கள், போதும். எனப்ரன் டெயின் யார், காரக்குக்கு அவர் என்ன உறவு என்பதெல்லாம் உங்களுக்கு இப்போதுதான் பார்த்த நினைவில் இருக்கும். கடைசி எபிசோடுகளில் டெயின் வீட்டு வேலைக்காரம்மா மிலா வருவார் அல்லவா, அவரை மட்டும் கவனத்தில் வையுங்கள். ஏன் என்று சொல்ல மாட்டேன்.

‘த வயர்’ பார்க்கும்போது, காரக் பாஷீரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் கார்டாசிய நாவல் ஒன்று வரும், ‘த நெவர் எண்டிங் சேக்ரிஃபைஸ்’. தலைமுறை தலைமுறையாக நாட்டுக்கு உழைத்துச் சாகிறார்கள், ஒரே அறுவை என்பார் டாக்டர். 2009-இல் யூனா மெக்கார்மக் அதே தலைப்பில் நிஜமாகவே ஒரு நாவல் எழுதிவிட்டார். அடுத்து அதுதான். பஜோர் கிரகத்துப் பெற்றோரிடம் வளர்ந்து, ஒரு எபிசோடில் சொந்த அப்பாவிடமே திருப்பி அனுப்பப்பட்ட ருகால் என்ற பையன் இருந்தானே? டிவி அவனைக் கப்பலேற்றி விட்டதோடு மறந்துபோனது. அவனுக்கு என்ன ஆனது என்பதுதான் முழுக் கதை. பழையசோறு சொன்ன வரிசை தொல்லை இதில் இல்லை, இது ஒன்றை மட்டும் எடுத்துப் படிக்கலாம்.

தீபாவளி ஆர்டர் முடியும்வரை நான் இங்கே வருவது சந்தேகம். கேட்டுவிட்டு எழுதி வையுங்கள், பார்க்கிறேன்.