மணல் ஆறு எந்தத் திணை?

கேள்வி: காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். என் கதை நாட்டுக்கு ஒரு மொழி கட்டுகிறேன். பெயர்ச்சொல்லுக்கு 14 வேற்றுமை வைத்துவிட்டு எனக்கே மறந்துபோகிறது. எத்தனை போதும்? அப்புறம், தண்ணீர் ஓடும் ஆறு உயர்திணை, மணல் மட்டும் கிடந்தால் அஃறிணை என்று வைக்கலாமா? பாலாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது தோன்றியது.

பதில்: தமிழுக்கு 8, ஃபின்னிஷுக்கு 15. எண்ணிக்கையை விடுங்கள், உருபு ஒட்டும் இடத்தைப் பாருங்கள்: மரம், மரத்தை, ஆறு, ஆற்றை. அந்த நெளிவு இல்லாத மொழி பிளாஸ்டிக் பூ மாதிரிதான்.

இன்னொரு பதில்: வைக்கலாம். நாமே சூரியன் உதித்தான் என்றும் சொல்கிறோம், உதித்தது என்றும் சொல்கிறோம். ஆனால் வெள்ளம் வந்த அன்று வினையும் மாறணும்: 'ஆறு வந்தாள்'.

கேட்டவர்: சரி, 6 ஆக்கிவிட்டேன். விளிவேற்றுமையை விட மட்டும் மனசில்லை. கதையில் ஒரு பாட்டி ஆற்றைக் கூப்பிட வேண்டும்.